வாய் திறவாதவர் குற்றவாளியா?

கல்முனையிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் பஸ்ஸில், விதைநெல் விலையிலிருந்து வெளிநாட்டு அரசியல்வரை வாய் ஓயாது பேசிவரும் வயற்காரர், கச்சேரி மேசையின் முன்னே நின்றதும் ஊமையாகிவிடுகின்றார். மேசைக்கு அப்பாலிருக்கும் தமிழ் பேசும் இலிகிதரோ, மேலதிகாரி கூட்டும் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வருகின்றார். இருவரும் கூச்ச சுபாவிகள் என்று தீர்ப்புக் கூறிவிடலாம். பயிற்சி வகுப்புக்கள் அப்படித்தான் கூறுகின்றன: நிமிர்ந்து நில், கண்ணைப் பார், மூச்சை ஆழ இழு. நல்லது, மூச்சு விடுவதால் எவருக்கும் தீங்கில்லை.

ஆனால் அதே இலிகிதர், மாலையிற் பள்ளிவாசற் கூட்டத்திலே கணக்குக் கேட்டு முழங்குகின்றாரே! அச்சம் அவருடைய சுபாவமாயின், அது கச்சேரிப் படியில் மட்டும் அவரோடு ஏறியிறங்குவானேன்?

அந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஆறுபேர் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழர்களுமே. இருந்தும், சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தை வாசிக்க ஆள் தேடும் முறைப்பாடு ஓய்ந்தபாடில்லை. கல்முனையைத் தலைமையாகக் கொண்ட கரையோர மாவட்டம் வேண்டுமென்ற கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நமக்குச் சங்கடமான பகுதி. கரையோரக் கந்தோருக்கு மாற்றலாகி வரும் சிங்கள உத்தியோகத்தரும் தமிழிற் பிழைவிட அஞ்சி மௌனமாயிருக்கின்றார். அதனை நாம் திமிர் என்கின்றோம். இரு மொழியினரும் மற்ற மொழியைக் கற்க வேண்டுமென்று 2007இல் வந்த சுற்றறிக்கை பணித்தது. அது பரீட்சைக்கு வழிகாட்டலாம். பிழையாகப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கத்தை எந்தச் சுற்றறிக்கை நிறுத்தும்? அதிகாரம் உள்ளவரின் பிழை வேடிக்கையாய் முடிகின்றது. இல்லாதவரின் பிழையோ அவருடைய விண்ணப்பத்தையே கெடுக்கின்றது. இரண்டு அச்சங்களும் ஒன்றல்ல.

நாம் மட்டும் சுத்தவாளிகளா? ஒருமுறை, காணித் தகராறொன்றைச் சொல்லவந்த கைம்பெண்ணொருவருக்கு மனு எழுதிக் கொடுத்தோம். 'மேற்படி', 'தயவுகூர்ந்து', 'பணிவுடன்' எல்லாம் இட்டு, பெருமையோடு வாசித்தும் காட்டினோம். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "மனே, நான் சொன்னது இதுல எங்க இரிக்கி?" என்று கேட்டார்.

கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினோம்.