சுருதி சேராத குரல்

பாடத் தெரிந்தவன் பாடுக. தெரியாதவன் கேட்டு மகிழ்க. இஃது உலகம் ஒப்பிய வழக்கு. அரங்கில் ஏறுபவனிடம் நாம் தேர்ச்சியை எதிர்பார்க்கிறோம். தேர்ச்சி இல்லையெனில் அவனை இறங்கச் சொல்வதில் தவறு காண்பதில்லை. ஆயின், வழிபாட்டில் எழும் பாட்டுக்கும் இவ்வழக்குப் பொருந்துமா? அங்கே பாடுபவர் யாருக்காகப் பாடுகின்றனர்? கேட்பவர் யார்? குரல்வளம் வாய்க்காத ஒருவர் இறைவன் முன் வாய்திறந்து பாட விரும்பினால், அவ்விருப்பத்தை மறுக்கும் உரிமை எவருக்கேனும் உண்டா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவினுள் அழகுக்கும் அறத்துக்கும் இடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கொன்று மறைந்து கிடக்கிறது.

இதனை வெறுங்கருத்தாக வைத்து ஆராய்வதினும், நம் கண்முன் உள்ள ஓரிடத்தில் வைத்து ஆராய்வது நலம். ஜொகூர் மாநிலத்துக் கத்தோலிக்க மக்கள், 1972ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தோற்றுவிக்கப்பெற்ற மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தைச் சார்ந்தவர்கள். அதன் தலைக்கோயிலாகிய திரு இருதயப் பேராலயம் ஜொகூர் பாருவில் உள்ளது. இம்மறைமாவட்டத்தின் பங்குகளில் ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் என நான்கு மொழிகளில் வழிபாட்டுக் குரல் ஒலிக்கிறது. தமிழ்த் திருப்பலிக்கு வருவோருள் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களின் வழிவந்தோர் பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை எழுந்தபோதும் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த அம்மக்கள், தம்மோடு எடுத்து வந்தவற்றுள் பாட்டும் ஒன்று.

ஞாயிறு வழிபாட்டுக்கு முன்னர் ஏதேனும் ஒரு மாலையில் பாடகர் குழு கூடுகிறது. வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என ஒவ்வொன்றாகப் பயில்கின்றனர். தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த இளைஞனும், பள்ளி ஆசிரியையும், கல்லூரி மாணவியும், பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து வந்த மூதாட்டியும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். அறிந்தவர் பாடிக் காட்ட, அறியாதவர் வாங்கிப் பாடுகின்றனர். ஓரிடத்தில் கற்ற பாடல் இவ்வாறே மற்றோரிடத்துக்குச் செல்கிறது.

இத்தகைய எந்தக் குழுவிலும் ஒருநாள் எழக்கூடிய சிக்கலை எண்ணிப் பார்ப்போம். குழுவில் ஓர் அம்மையார் இருக்கிறார். ஒருநாளும் தவறாமல் வருபவர். பாடல்களின் பொருளை உணர்ந்து உருகுபவர். ஆனால் அவர் குரல் சுருதியில் நிற்பதில்லை. உரத்த குரல் வேறு. பெருவிழா நெருங்குகிறது. “அவரை எப்படியாவது விலக்கிவிடுங்கள்” என்று சிலர் குழுத்தலைவரிடம் முணுமுணுக்கின்றனர். தலைவர் என்ன செய்வது?

விலக்க வேண்டும் என்போர் கூற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. இறைவனுக்குப் படைப்பது குறைவற்றதாய் இருத்தல் வேண்டும் என்கின்றனர் அவர்கள். வாடிய மலரை நாம் பூசைக்கு எடுப்பதில்லை. பிழைபட்ட இசையை மட்டும் ஏன் படைக்க வேண்டும்? மேலும், ஒருவரின் பிழை நூறு பேரின் மனவொருமையைக் கலைக்கிறது. அந்த நூறு பேரின் வழிபாட்டுக்கு மதிப்பில்லையா? வலிமையான கேள்விகளே இவை.

வரலாறும் ஓரளவு அவர்கள் பக்கமே பேசுகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயாச் சங்கம், முறையாக அமர்த்தப்பெற்ற பாடகரன்றிப் பிறர் கோயிலில் பாடலாகாது என விதித்தது. 1903ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, மக்கள் வழிபாட்டிசையில் மீண்டும் பங்கு கொள்ள வேண்டும் என்று விழைந்தது. எனினும் அதே ஆணை, பெண்களைப் பாடகர் குழுவில் சேர்த்தலாகாது என்றும், பியானோவும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளும் கோயிலுக்கு ஆகா என்றும் தடுத்தது. இன்று பெண்குரல் இல்லாத தமிழ்ப் பாடகர் குழுவை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா? தபேலாவும் மிருதங்கமும் ஒலிக்கும் தமிழ்த் திருப்பலி இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. தகுதி என்று ஒரு காலம் வரைந்த கோட்டை மற்றொரு காலம் அழித்துவிடுகிறது. ஆதலின், ‘இவருக்குத் தகுதி இல்லை’ என்று சொல்லுமுன், அத்தகுதியை வகுத்தது எது என்று வினவுதல் நம் கடமையாகிறது.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது அதுவே. அது பாடகர் குழுக்களை ஊக்கத்துடன் வளர்க்க வேண்டும் என்றது. அதே மூச்சில், பாடி நிகழும் வழிபாட்டில் கூடியிருக்கும் மக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஆற்ற இயலுமாறு செய்ய வேண்டும் என்றும் கூறியது. தேர்ச்சியும் வேண்டும், அனைவரும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்கும்போதுதான் குழுத்தலைவரின் இடர்ப்பாடு பிறக்கிறது.

இவ்விடத்தில் நம் சிலப்பதிகாரம் நமக்கு ஒளி தருகிறது. அதன் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்குரிய இலக்கணங்களை இளங்கோவடிகள் நுணுக்கமாக வகுத்துரைக்கிறார். ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மாதவி அரசவையில் அரங்கேறுகிறாள். அங்கே பிழைக்கு இடமில்லை, இருத்தலும் ஆகாது. அதே காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையோ முற்றிலும் வேறுபட்டது. தீய நிமித்தங்களைக் கண்டு ஆயர்பாடி அஞ்சுகிறது. மாதரி ஆயர்மகளிர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களை அவர்களுக்குச் சூட்டுகிறாள். அவர்கள் கைகோத்து மாயவனைப் பாடி ஆடுகின்றனர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? அரங்கேற்றத்தில் மதிப்பிடுவோர் எதிரே அமர்ந்திருக்கின்றனர். குரவையில் மதிப்பிடுவோர் இல்லை. அச்சமும் தேவையும் அனைவர்க்கும் பொது. மாதவி தன் திறத்தால் அரங்கேறினாள். ஆயர்மகளிரோ ஆயர்பாடியின் துயரைத் தம் துயராகக் கொண்டதால் குரவையில் நின்றனர். ஆயினும் குரவையும் ஒழுங்கற்ற கூச்சலன்று. ஒவ்வொருத்திக்கும் ஓர் இசையின் பெயரும், வட்டத்தில் ஓர் இடமும் உண்டு. மாதரி எவரையும் வெளியே நிறுத்தித் தன் ஒழுங்கைக் காக்கவில்லை. இடம் தந்தே ஒழுங்கை அமைத்தாள்.

மேலைநாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. கி.பி. 386ஆம் ஆண்டில் மிலான் நகரில், அரசியாரின் ஒறுத்தலுக்கு அஞ்சிய மக்கள் ஆயர் அம்புரோசுடன் கோயிலிலேயே விழித்திருந்தனர். துயரத்தால் அவர்கள் சோர்ந்துவிடாதபடி மக்கள் அனைவரும் சேர்ந்து பாடும் வழக்கம் அங்கே புகுத்தப்பட்டது. இதனைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதிய புனித அகுஸ்தீன், அதே நூலில் பிறிதோர் இடத்தில் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக் கொள்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை மிகுதியாக ஈர்க்கும்போது தாம் பிழை செய்வதாகவே அவர் உணர்கிறார். கூர்ந்து நோக்கினால், மனவொருமையைக் கலைப்பது கெட்ட குரல் மட்டுமன்று, நல்ல குரலும் கலைக்கும் என்பது புலனாகும். சுருதி சேராத குரலைக் கேட்டு முகம் சுளிப்பவனும், இனிய குரலில் மயங்கிப் பொருளை மறப்பவனும் வழிபாட்டினின்றும் ஒரே அளவு விலகியவர்களே அல்லரோ?

அப்படியாயின், அந்த அம்மையார் தவறாகப் பாடிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா? அதுவும் அறமன்று. சில இடங்களில் எவரும் எதுவும் சொல்லாமல், அவர் முன் உள்ள ஒலிவாங்கியை மட்டும் மெல்ல நகர்த்திவிடுவர். இதனைக் கருணை என்று எண்ணுவோரும் உளர். உண்மையில் இஃது அவரை ஏமாற்றுதல். அவரால் கற்க இயலாது என்று அவர் அறியாமலே தீர்ப்பளித்தல். ஒருவரை விலக்குவது அவர் குரலை அவமதிப்பது. சொல்லாமல் மறைப்பது அவர் அறிவையே அவமதிப்பது. பிழையை அன்போடு எடுத்துரைத்து, அருகில் அமர்ந்து, ஒரே அடியைப் பத்து முறை பாடிக் காட்டுதல் கடினம். அக்கடினமான வழியே அறவழி.

ஆசிரியப் பணியாற்றுவோர்க்கு இது புதிய செய்தியன்று. நன்றாகப் படிக்கும் மாணவனுக்குப் பள்ளி ஒரு வசதி. எழுத்துக்கூட்டத் திணறும் மாணவனுக்கோ பள்ளிதான் ஒரே வாய்ப்பு. பாடகர் குழுவும் அத்தகையதே. தமிழ்த் திருப்பலியில் பாட வரும் இளையோருள் தமிழெழுத்தை வாசிக்க அறியாதோர் உளர். பாடலடிகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகின்றனர். அவ்வெழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகின்றன. ழகரம் இடந்தெரியாமல் போகிறது. தமிழறிந்தோர்க்கு இதுவும் ஒரு சுருதி பிசகல்தான். அவ்விளைஞனைத் தமிழ் கற்றுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பலாம். அல்லது அவன் பாட வந்திருப்பதே தமிழுக்குக் கிடைத்த வாய்ப்பு எனக் கொண்டு, அப்பாடல் ஏட்டையே அரிச்சுவடியாக்கலாம். முன்னதில் மொழியின் தூய்மை காக்கப்படலாம். மொழியைப் பேச ஆள் இருக்குமா?

ஜொகூர்ப் பங்குகள் நமக்குக் கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. பெருவிழாக்களில் பல மொழியினரும் ஒன்றுகூடி வழிபடும்போது, ஒருவர் மொழியை மற்றவர் கற்றுப் பாட நேர்கிறது. தமிழ்ப் பாடலில் தலைமை தாங்கியவர் சீனப் பாடலுக்கு முன் குழந்தையாகிவிடுகிறார். ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும் மொழி அது. அவர் திணறும்போது, சீன நண்பர் சிரிக்காமல் மீண்டும் ஒருமுறை சொல்லித் தருகிறார். அடுத்த பாடல் தமிழ். இப்பொழுது மாணவராவது அந்நண்பர். தேர்ச்சி என்பது ஒருவருடைய பிறவி உடைமையன்று, நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது எது? இன்று சுருதி சேராதவரைப் பொறுப்பவன், நாளைத் தன் குரலுக்கு அப்பொறுமையைத் தேடி நிற்பான்.

இறுதியாக ஓர் ஐயம். எத்துணைக் கற்பித்தும் ஒருவருக்குச் சுருதி கைகூடவில்லையெனில்? பதிலுரைப் பாடலின் அமைப்பே இதற்கு விடை தருகிறது. அங்கே ஒருவர் அடிகளைப் பாடுகிறார். மக்கள் அனைவரும் பல்லவியால் மறுமொழி கூறுகின்றனர். தனித்துப் பாடும் பணி தேர்ந்தவர்க்கு உரியது. அதனை அனைவரும் கோருதல் முறையன்று. பல்லவியோ அனைவர்க்கும் உரியது. அதனை எவருக்கும் மறுத்தல் முறையன்று. அந்த அம்மையார் தனித்துப் பாடாதிருக்கலாம். உரத்த குரலைத் தாழ்த்திக்கொள்ளும்படி அவரிடம் கேட்கலாம். ஆனால் அதே அடக்கத்தை இன்குரலாரிடமும் கேட்க வேண்டும். பிறர் குரலை மூழ்கடித்துத் தன் குரலை மட்டும் மேலெழச் செய்பவர், சுரங்கள் அனைத்தையும் பிழையறப் பாடினும் சேர்ந்து பாடுபவர் ஆகார். பக்கத்தில் நிற்பவரின் குரலைச் செவிமடுத்துத் தன் குரலை அமைத்துக்கொள்வதே கூட்டுப் பாட்டின் சுருதி.

அழகு வேண்டாம் என்பது நம் முடிபன்று. அழகை அடையும் வழியில் எளியவர் ஒருவர் உதிர்ந்து விழுந்தால், எஞ்சிய அழகு வழிபாட்டுக்கு உரியதாகாது என்பதே நம் முடிபு. திறன் பெற்றவர் திறனற்றவர்க்குக் கடன்பட்டவர். அக்கடன் தீர்க்கப்படும் இடம் விளக்கொளி மிகுந்த பெருவிழா மேடையன்று. ஒரே அடியைப் பத்தாம் முறையாகச் சலியாமல் பாடிக் காட்டும் அந்தப் பயிற்சி மாலையே ஆகும். பெருவிழா நாளில் அந்த அம்மையார் எந்த வரிசையில் நிற்கிறார் என்று பாருங்கள். அக்குழுவின் இசை எத்தகையது என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.