தந்தையின் அச்சமும் பிள்ளையின் வினையும்

சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில், உபாசிகை ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். அவருடைய எட்டு வயது மகன் சிறு ஓசைக்கும் நடுங்குகிறான், இரவில் விழித்தழுகிறான். அடியோ பசியோ அவன் அறியான். "முற்பிறப்பில் என் பிள்ளை என்ன செய்தானோ, ஐயா?" என்று அவர் கண்கலங்கினார். அவையிலிருந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் அவனவன் கன்மம்" என்று பேச்சை முடித்துவிட்டார். அன்று நேரம் போதாமையால் நாம் வாளாவிருந்தோம்.

அப்பெரியவர் கூறிய சொல் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மாரை ஊர்க்கிணற்றில் நீர் மொள்ளாது தடுத்தவர்கள் சொன்னதும் அதுவே. அதை மறுத்தன்றோ நாம் திரிசரணம் புகுந்தோம்! பிறர் நம்மீது எறிந்த கல்லை நாமே எடுத்து நம் குழந்தைமீது எறிவதா? இராசகிருகத்து வேணுவனத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், மாந்தர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினைப் பயனோ என்று வினவினான். பித்தம், சிலேத்துமம், வாதம், அவற்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகெட்ட பேணல், பிறரால் நேரும் தாக்குதல், வினை என்று பகவன் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டில் ஒன்றே வினை.

அங்ஙனமாயின் அப்பிள்ளைக்கு அச்சம் எவ்வழி வந்தது? எம் வீட்டுச் செய்தியையே கூறுவோம்.

எம் தந்தையார் தங்கவயலில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதாகையில், சுரங்கத்தில் பாறை வெடித்து அவர் தந்தை மாண்டார். பூமிக்கடியில் பாறை வெடிக்குங்கால் மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். பெண்டிர் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். தாயின் கையைப் பற்றிக்கொண்டு அவரும் ஓடினார். இதை அவர் எம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தையார் சொல்லியே அறிந்தோம். ஆனால் அடுக்களையில் தட்டு விழுந்தால் எம் முதுகில் அடி விழும். விளையாடி நேரங்கழித்து வந்தால் வாசலிலேயே அடி. சுரங்கத்தில் காலே வைக்காத நாம் பெங்களூரில் பஞ்சாலைத் தொழிலாளியானோம். எம் மகள் பள்ளியிலிருந்து கால்மணி தாமதித்து வந்தாலும், கை நடுங்க, தெருவே கேட்கக் கத்தினோம். இன்று திருமணமான பின்னும், தட்டு விழுந்தால் அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். பாட்டனார் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

இது இரத்தத்தில் வருவது என்பார் உளர். மாண்ட்ரியல் நகரில் மைக்கேல் மீனி என்பாரும் அவர் குழுவினரும் எலிகளை ஆராய்ந்து 1999-இல் ஒரு செய்தி வெளியிட்டனர். குட்டியை மிகுதியாக நக்கிப் பேணும் தாயிடம் வளர்ந்தவை அமைதியாயிருந்தன. பேணாத தாயின் குட்டிகள் அஞ்சின. பேணாத தாய் ஈன்ற குட்டிகளைப் பேணும் தாயிடம் விட்டபோது அவையும் அமைதியாக வளர்ந்து, தம் குட்டிகளையும் அவ்வாறே பேணின. எலி வேறு, மனிதர் வேறு, மறக்கவில்லை. ஆயினும் ஈன்றவளைவிட வளர்த்த முறை வலிதென்பது சிந்திக்கத்தக்கது.

அமெரிக்காவில் செல்மா பிரைபர்க் என்னும் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1975-இல் எழுதியது இன்னும் நெருங்கியது. இளமையில் துன்புற்றோர் அனைவரும் தம் பிள்ளைகளைத் துன்புறுத்துவதில்லை. அன்று பட்ட நோவை மறவாதவர் அதைத் திரும்பச் செய்யாதிருக்கின்றனர் என்றார்கள். நடந்ததை நினைவில் வைத்திருத்தல் வேறு, நோவை நினைதல் வேறு. சதிபட்டானத்தில் நுகர்ச்சியை நோக்கியிருத்தல் என்று நாம் ஓதுவதை, மூச்சோடும் முழங்கால் வலியோடும் நிறுத்திவிடுகிறோம். வாசலில் பட்ட அடியின் நோவை நாம் நோக்கியது ஐம்பது வயதில்தான். எம் மகளிடம் அதைக் கூறினோம். "இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமா, அப்பா?" என்றாள். விடையில்லை.

பெற்றோர் குற்றவாளிகளோ? எண்ணமே வினை என்றார் ததாகதர். அறியாது கடத்தியதை வினையென்று சொல்லோம். அறிந்தபின் ஓங்கும் கை நம்முடையதே.

அடுத்த ஞாயிறன்று அவ்வம்மையார் வந்தார். பிள்ளையை நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவில் காட்டுமாறு முதலில் சொன்னோம், உபதேசம் மருந்தாகாது. பின்னர், "அம்மா, தங்களுக்கு எட்டு வயதாகையில் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டோம். நெடுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தவர் சொல்லத் தொடங்கினார். அதை இங்கு எழுதோம். சொல்லி முடிக்க மாலையாயிற்று.