ஒரு நாள் வேஷம்

பண்டிகைக்குக் குழந்தை என்ன வேஷம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு தாயும் தகப்பனும் வேதத்தைப் புரட்டினார்கள் என்றால், கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. மூன்று வாரம் அந்த வீட்டுப் படியில் ஏறி இறங்கிய பிறகு சிரிப்புப் போய்விட்டது.

2019-ல், குளிர்காலத்தின் கடைசியில், நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். கீழ்த்தளத்தில் ஆசாரமான ஒரு யூதக் குடும்பம். ஐந்து குழந்தைகள். பையன்களுக்கு வருஷம் பூராவும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தலையில் குல்லா. பெண்களுக்கு முழங்கையை மூடும் ரவிக்கை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை. இதில் மாறுதலே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் பிப்ரவரிக் கடைசியிலிருந்து தையல் மெஷின் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓடிற்று. பூரீம் பண்டிகை வருகிறது என்றார்கள்.

அந்த வீட்டு மூத்த பையனுக்கு ஒன்பது வயது. அவன் முந்தின வருஷம் பிரதான ஆசாரியன் வேஷம் போட்டிருந்தான். யாத்திராகமத்தில் ஆரோனுக்குச் சொல்லியிருக்கிறபடியே நீல அங்கி, தலைக்குப் பாகை, மார்பிலே பன்னிரண்டு கல் பதித்த பதக்கம். கல்லுக்குப் பதில் பன்னிரண்டு கலர்ப் பொத்தான்கள், பதக்கத்துக்கு அட்டை. அங்கியின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன மணிகள் கூட உண்டு. எல்லாம் தாயார் கைவேலை. இந்த வருஷம் அவனுக்குத் தீயணைப்பு வீரனாக வேண்டுமாம். அங்கி பெட்டியில் இருந்தது. ஆறு வயதுத் தங்கை அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "நான்தான் இந்த வருஷம் பிரதான ஆசாரியன்" என்று கூடத்தில் வந்து நின்றாள்.

பிரச்னை அங்கேதான் பிறந்தது. ஆண் உடையைப் பெண்ணும், பெண் உடையை ஆணும் உடுத்தலாகாது என்பது உபாகமம் 22-ஆம் அதிகாரத்துக் கட்டளை.

பூரீம் என்ன பண்டிகை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாரசீக ராஜா அகாஸ்வேருவின் மந்திரி ஆமான், மொர்தெகாய் என்ற யூதன் தன்னை வணங்கவில்லை என்பதற்காக, அவன் ஜனங்களையே ஒரே நாளில் அழித்துவிடச் சீட்டுப் போட்டு நாள் குறிக்கிறான். 'பூர்' என்றால் சீட்டு. மொர்தெகாய் வளர்த்த பெண் எஸ்தர், தன் குலத்தைச் சொல்லாமலே ராணியாகியிருக்கிறாள். அவள் ராஜாவிடம் போய் உண்மையை உடைக்கிறாள். ஆமான் தூக்கில் தொங்குகிறான். ஆதார் மாதம் 14-ஆம் தேதி, சூசான் நகரத்தை உத்தேசித்து ஜெரூசலத்தில் மட்டும் 15-ஆம் தேதி, இதைக் கொண்டாடுகிறார்கள். எஸ்தரின் கதையை ஜெப ஆலயத்தில் இரவும் பகலுமாக இரண்டு தடவை வாசிக்க வேண்டும். நண்பர்களுக்குப் பலகாரம் அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். விருந்து சாப்பிட வேண்டும். வாசிப்பில் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றிக் காது செவிடுபடச் சத்தம் போடுவார்கள். கடமைகள் இவைதாம். வேஷம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. வேதத்திலும் இல்லை, தல்மூதிலும் இல்லை. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் இத்தாலியப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் அது. விதியில்லாத இடத்தில் நுழைந்த வழக்கம். அதனாலேயே அதற்கு இத்தனை விதி.

ஆனால் எஸ்தரின் புஸ்தகத்தைப் படித்துப் பார்த்தால் இந்த வழக்கம் வேறெங்கே வந்து ஒட்டியிருக்க முடியும் என்று தோன்றும். கதை முழுவதும் உடைதான். அழிவுச் செய்தி கேட்டு மொர்தெகாய் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு இரட்டு உடுத்துகிறான். இரட்டு உடுத்தியவன் ராஜாவின் வாசலுக்குள் வரக்கூடாது. எஸ்தர் உள்ளேயிருந்து நல்ல துணி கொடுத்தனுப்புகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். பிறகு அவளே, உயிருக்குத் துணிந்து, ராஜவஸ்திரம் தரித்துக்கொண்டு கூப்பிடாமலே ராஜாவின் முன் போய் நிற்கிறாள். நடுவில் ஒரு வேடிக்கை. ராஜா கனம்பண்ண விரும்புகிற மனுஷனுக்கு என்ன செய்யலாம் என்று ராஜா கேட்க, அது தான்தான் என்று நினைத்து, ராஜா உடுத்துகிற உடையை உடுத்தி, ராஜாவின் குதிரையில் ஏற்றி ஊர்வலம் விட வேண்டும் என்கிறான் ஆமான். சரி, மொர்தெகாய்க்கு நீயே அப்படிச் செய் என்று உத்தரவாகிறது! பிறர் உடைக்கு ஆசைப்பட்டவன் அதைத் தன் சத்துருவுக்குத் தன் கையாலேயே உடுத்திவிடுகிறான். கடைசியில் அதே மொர்தெகாய் நீலமும் வெள்ளையுமான ராஜவஸ்திரத்தோடு அரண்மனையைவிட்டு வருகிறான்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புஸ்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. "தோராவில் எஸ்தர் எங்கே இருக்கிறாள்?" என்று தல்மூதில் கேள்வி போட்டு, 'என் முகத்தை மறைப்பேன்' என்று உபாகமத்தில் கடவுள் சொல்லும் இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். எபிரேயத்தில் 'மறைப்பேன்' என்கிற சொல்லும் எஸ்தர் என்கிற பெயரும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. கடவுளே முகம் மறைத்து நடத்திய காரியம், ஆகையால் நாமும் அன்றைக்கு முகத்தை மறைத்துக்கொள்கிறோம் என்பது பண்டிதர்கள் வழக்கத்துக்குக் கட்டின காரணம். காரணம் பின்னால் வந்ததாக இருக்கலாம். அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆசார வீடுகளில் வேஷத்தைப் பொறுக்குகிற விதத்தைக் கவனித்தேன். தோள் தெரிகிற சினிமா ராஜகுமாரி கூடாது. அதே ராஜகுமாரிக்குக் கழுத்து வரை துணி வைத்துத் தைத்தால் ஆகும். அக்டோபர் 31-ல் அமெரிக்கப் பிள்ளைகள் போடுகிற பேய், எலும்புக்கூடு வேஷங்கள் வேண்டாம். அது பிறத்தியார் பண்டிகை. லுபாவிச் வழிக் குடும்பங்களில் பன்றி, கரடி முதலிய அசுத்த மிருகங்களின் உருவத்தைச் சின்னக் குழந்தைகளின் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். வேஷம் எங்கே போடுவது? தாத்தாவின் பழைய கோட்டை வெட்டித் தைத்தால், கம்பளி நூலும் சணல் நூலும் அதில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளையாட்டுத் துணிக்கும் அந்த விலக்கு உண்டு.

எனக்குப் பிடித்த ஒரு மறுப்பும் அந்த வீட்டில் நடந்தது. இரண்டாவது பையன், ரயில் நிலையத்துப் படிக்கட்டில் போர்வையைப் போர்த்துக்கொண்டு பிச்சைக்கு உட்கார்ந்திருக்கும் கிழவரைப்போல வேஷம் போடப்போவதாகச் சொன்னான். தாயார் சட்டென்று, "கூடாது. அன்றைக்கு நாம் அவருக்குக் கொடுக்கிற நாள்" என்றாள். பூரீமில் கை நீட்டியவன் எவனாயிருந்தாலும், தகுதி விசாரிக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். விருந்தையும் பலகாரத்தையும் பெருக்குவதைவிட ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பெருக்குவது மேல் என்று மைமோனிதெஸ் எழுதிவைத்திருக்கிறார். கடையில் விலை கொடுத்து வாங்கி, ஒரே நாள் மாட்டிக் கழற்றிப் போடுகிற பளபளப்பு வேஷங்களைப் பார்க்கும்போது, அந்த வாக்கியத்தைக் கடை வாசலில் எழுதி ஒட்டலாம்போல் இருந்தது எனக்கு. நல்லவேளை, வேஷ உடைகளைச் சேர்த்துவைத்து இலவசமாக இரவல் தருகிற வீடுகளும் அந்த வட்டாரங்களில் இருக்கின்றன.

சிறுமியின் விஷயத்துக்கு வருகிறேன். இது புதிய கேள்வியே அல்ல. பதுவா நகரத்து ரப்பி யூதா மின்ட்ஸ், 1500-ஐ ஒட்டி வாழ்ந்தவர், பூரீமில் ஆணும் பெண்ணும் உடை மாற்றிக்கொள்வது சந்தோஷத்துக்காகத்தான், விபசார நோக்கம் அதில் இல்லை, ஆகவே குற்றமில்லை என்று பதில் எழுதினார். போலந்தில் கிராக்கோ நகரத்து ரப்பி மோசே இசெர்லெஸ், 1572-ல் காலமானவர், அந்த வழக்கத்தை அனுமதித்துச் சட்டப் புஸ்தகத்தின் ஓரக்குறிப்பில் சேர்த்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில் அதே கிராக்கோவில் இருந்த ரப்பி யோவேல் சிர்கிஸ், இதை ஒழித்தே ஆக வேண்டும் என்று நீளமாக எழுதினார். இன்றைக்குப் பெரும்பாலான ஆசாரக் குடும்பங்கள் பெரியவர்கள் விஷயத்தில் சிர்கிஸின் பக்கம்தான். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் இளகுகிறவர்களும் உண்டு, இளகாதவர்களும் உண்டு.

தகப்பனார் தங்கள் ரப்பியிடம் போய்க் கேட்டார். ஆறு வயதுக் குழந்தை, பூரீம் நாள், வேடிக்கைக்காக என்றால் தடுக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். தாயார் முடியாது என்றாள்.

அன்று பின்னேரம் அவளோடு உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே வாதாடினேன். எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். என் மூத்த பையனுக்கு இரண்டு வயதில் சடை பின்னி, தாழம்பூ வைத்து, பாவாடை கட்டி எடுத்த போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்றேன். சிரித்தாள். ஆனால் தலையை ஆட்டினாள்.

"இந்த வருஷம் சரி என்று நான் சொன்னதையே அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ தப்பு என்று எப்படிச் சொல்வேன்? அவளுக்கு வயது ஏறினது ஒரு குற்றமா?" என்றாள்.

இதற்கு எனக்குப் பதில் இருந்தது. குழந்தைக்கு நாம் கொடுப்பதெல்லாம் பிற்பாடு பிடுங்கிக்கொள்ளத்தானே? மடியைக் கொடுக்கிறோம், பிடுங்குகிறோம். சொன்னேன். ஆனால் அதைவிடப் பெரிய பதில் ஒன்று கைவசம் இருந்தது. அந்தக் குடும்பம் ஆரோனின் வம்சமல்ல. பிரதான ஆசாரியனுடைய அங்கி ஆரோன் சந்ததியாருக்கு மட்டுமே உரியது. மற்றவன் அதைப் போட்டுக்கொண்டு பலிபீடத்தண்டை நெருங்கவே கூடாது. ஆலயமோ கி.பி. 70-ல் இடிந்துவிட்டது. ஆக, அந்த அங்கியைத் தரிக்கும் யோக்யதை உங்கள் பிள்ளைக்கும் கிடையாது, உங்கள் பெண்ணுக்கும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே தூரம். அவனுக்கு விளையாட்டானது இவளுக்கு மட்டும் எப்படி அபராதமாகும் என்று கேட்டேன். ஜெயித்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்த பிறகுதான் பேசினாள். "நீ ஆரோன் வம்சமில்லையே என்று அவனை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். இவளைக் கேட்பார்கள்."

அவள் பயம் சாஸ்திரத்திடம் அல்ல. சாஸ்திரம் விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்து மற்றக் குழந்தைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள், அவர்கள் பார்வை, இதுதான். மதத்துக்கு ஏற்ற உடை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு மதம், எவ்வளவு பங்கு தெரு என்று பிரித்தெடுத்தால் பல வீடுகளில் தெருவின் பங்குதான் கூடுதலாக வரும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ரப்பியே திறந்துவிட்ட கதவை இவள் ஏன் சாத்துகிறாள்? எல்லாம் தலைகீழாகிற நாள் என்று பெயர் வைத்துக்கொண்டு, அன்றைக்கும் ஆணுக்கு ஆண் வரிசை, பெண்ணுக்குப் பெண் வரிசையா?

ஆனால் நான் மே மாதம் ஊருக்குத் திரும்பிவிடுவேன். கதவைத் திறந்துவிட்ட பிறகு, அழுதுகொண்டு திரும்பி வருகிற குழந்தையின் முகத்தைத் துடைக்கப்போகிறவள் அவள். ரப்பியும் அல்ல, நானும் அல்ல. தைரியத்தைப் பிறத்தியார் குழந்தையிடம் எதிர்பார்ப்பது ரொம்ப சுலபம். இப்போதும் அவள் செய்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பேன் என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியவில்லை.

அந்த அங்கியை ஒரு மாமன் மகனுக்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். பெண்ணுக்கு எஸ்தர் ராணி உடை தைத்தாயிற்று; நீலப் பட்டு, தங்கக் காகிதக் கிரீடம். தைக்கும்போதெல்லாம் அவள் அளவு கொடுக்க வந்து மரம்போல நின்றுவிட்டுப் போனாள். அழவில்லை.

மார்ச் 21-ஆம் தேதி பகல், கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பலகாரத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எஸ்தர் ராணி நின்றுகொண்டிருந்தாள். நான்கு படி கீழே தாயார், இடுப்பில் கைக்குழந்தையோடு.

அந்த நாளில் வேஷம் போட்ட குழந்தையிடம் அடையாளம் தெரியாததுபோல் கேட்பதுதான் மரியாதை. "யாரம்மா நீ?" என்றேன்.

அவள் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கமாக நீட்டி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "பிரதான ஆசாரியன். எஸ்தர் வேஷம் போட்டிருக்கிறேன்" என்றாள்.

தட்டில் கசகசாப் பூரணம் வைத்த முக்கோணப் பலகாரம் இரண்டும் ஓர் ஆரஞ்சும் இருந்தன. வாங்கிக்கொண்டேன். என்ன சொன்னாள் என்று தாயார் கீழேயிருந்து கேட்டாள். ராணி என்று சொன்னாள் என்றேன்.