முறுக்கு தம்பி, டிராக்கில் முறுக்கு!

யானைக்கவுனித் தம்பியே! வால்டாக்ஸ் ரோட்டு நெரிசலில் லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே பைக்கை நெளித்து நெளித்து ஓட்டியே வளர்ந்தவன் நீ. உன் கண் பார்த்ததைக் கை அந்த நொடியே செய்கிறது. அது பெரிய சொத்து! அதை நள்ளிரவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பந்தயம் கட்டித் தொலைக்கலாமா? அங்கே கன்டெய்னர் லாரி உனக்காக பிரேக் போடாது. ஜெயித்தாலும் உன் பெயரை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

“ரேஸெல்லாம் நமக்கு எதற்கு?” என்று ஒதுங்காதே. மெட்ராஸின் பந்தய வரலாறே உன் வடக்குப் பக்கத்தில்தான் எழுதப்பட்டது! 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தையே பந்தயக் களமாக்கியது. பிறகு 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அந்த ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் தன் முதல் பந்தயத்தை ஓட்டிய நரேன் கார்த்திகேயன்தான், 2005ல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர்!

அங்கே உனக்கும் இடம் உண்டு. டிராக் டே என்றால் கட்டணம் கட்டி, சொந்த வண்டியில் பழகும் நாள். எதிரே வண்டி வராது, குறுக்கே யாரும் ஓட மாட்டார்கள். 150 சிசி பைக்கே போதும். பிரேக் கட்டை, டயர், செயின் தொய்வு, ஆயில் கசிவு நான்கையும் முன்பே பார். பக்கக் கண்ணாடியைக் கழற்று, விளக்கில் டேப் ஒட்டு. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், தோல் உடுப்பு, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம். உடுப்பு வாங்கப் பணமில்லையா? வாடகைக்குக் கிடைக்குமா என்று கேள். கேட்பதில் என்ன வெட்கம்?

திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை முடி. பார்வையை வெளியேறும் இடத்தில் வை. கண் போகும் பக்கம் வண்டி போகும். பிறகு மெல்ல முறுக்கு. மஞ்சள் கொடி கண்டால் வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்புக் கொடி கண்டால் ஓட்டத்தை முடித்து, மெல்ல வண்டிகள் நிற்கும் பிட் பகுதிக்குத் திரும்பு. கொடிக்குக் கட்டுப்படுகிறவனே வீரன்!

முதல் நாள் எல்லோரும் உன்னை முந்துவார்கள். முந்தட்டும்! நேற்றைய உன்னை நீ முந்தினால் போதும். தம்பி, தங்கச்சி, அடுத்த பயிற்சி நாள் எப்போது என்று இன்றே விசாரியுங்கள். பெயரைக் கொடுங்கள். உங்கள் வேகத்துக்கு உரிய இடம் டிராக்தான். புறப்படுங்கள்!