ஜெயிக்கத் தயாரா, தம்பி?

கோணிப்பையில் மணல் அடைத்து, மரக்கிளையில் தொங்கவிட்டு, விடிவதற்கு முன்னால் அதைக் குத்து குத்தென்று குத்துகிற பழவேற்காட்டுத் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். குத்துச்சண்டைப் பட்டத்துக்கான ஆட்டம் ஒன்று உன்னைத் தேடி வரும். நீ போட்டு வைத்திருக்கிற கணக்குக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வரும். அன்றைக்குக் குப்பமே கூடி நின்று சொல்லும்: "இப்ப வேணாம்டா, இன்னும் பத்து மேட்ச் ஆடிட்டுப் போ." அந்தப் பேச்சில் பாதி அக்கறை, பாதி பயம். அக்கறையைக் கும்பிட்டு வாங்கிக்கொள். பயத்தை அவர்களிடமே திருப்பிக் கொடு!

தோற்றுவிடுவோமோ என்றுதானே தயங்குகிறாய்? பீட் ராட்மாக்கரைப் பார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய அமெரிக்கர். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத அந்த மனிதர், 1957 ஆகஸ்ட் 22 அன்று சியாட்டில் நகரில் உலகப் பட்டத்துக்கே ரிங் ஏறினார். முதல் ஆட்டமே உலகப் பட்டம்! யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வாய்ப்பும் இல்லை அது. சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனுக்குத் தரவேண்டிய பெருந்தொகைக்கு, பணம் போடுகிறவர்களைத் தானே தேடிப் பிடித்தார். இரண்டாவது ரவுண்டில் விழுந்தது யார் தெரியுமா? பேட்டர்சன்! உலக சாம்பியன் தரையில், நேற்றுவரை அமெச்சூராக இருந்தவர் நின்றுகொண்டிருக்கிறார். பேட்டர்சன் எழுந்தார், சுதாரித்தார், அடுத்தடுத்த ரவுண்டுகளில் ராட்மாக்கரைத் திரும்பத் திரும்பச் சாய்த்து ஆறாவது ரவுண்டில் முடித்துவிட்டார். சரி, தோற்றவர் என்ன ஆனார்? மேலும் சில வருஷம் ஆடினார், பிறகு வியாபாரத்தில் இறங்கினார், 91 வயதுவரை வாழ்ந்து 2020-ல்தான் கண்மூடினார்.

இப்போது ஜெயித்தவர் கதைக்கு வா. லியோன் ஸ்பிங்க்ஸ். 1978 பிப்ரவரி 15, லாஸ் வேகாஸ். அதற்கு முன் அவர் ஆடியிருந்தது ஏழே தொழில்முறை ஆட்டம், அதிலும் ஒன்று டிரா. எதிரில் முகமது அலி! அலிக்கு 36 வயது, உடம்பில் பழைய முறுக்கு இல்லை, பையன்தானே என்ற அலட்சியம் வேறு. இருபத்து நான்கு வயது ஸ்பிங்க்ஸ் பதினைந்து ரவுண்டும் விடாமல் மேலே விழுந்து அடித்தார். நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று அவர் பக்கம் சாய்ந்தார்கள். எட்டாவது ஆட்டத்தில் உலக ஹெவிவெயிட் சாம்பியன்.

அப்புறம்? பட்டத்தோடு பணம் வந்தது, கூட்டம் வந்தது, ராத்திரி விருந்துகள் வந்தன. பயிற்சிதான் வரவில்லை. ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 15 அன்று, நியூ ஆர்லியன்ஸில் அலி பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் கெரி குட்ஸியா என்ற தென்னாப்பிரிக்கர் முதல் ரவுண்டிலேயே ஸ்பிங்க்ஸைச் சாய்த்தார். ஹெவிவெயிட் பட்டம் அவர் கைக்கு மறுபடி வரவே இல்லை.

தோற்றவர் தழைத்தார், ஜெயித்தவர் சறுக்கினார். எல்லோரும் உன்னிடம் "தோற்றால் என்னடா செய்வாய்?" என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு. ஜெயித்தால் என்ன செய்வாய்? மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்து அதே மணலில் ஓடுவாயா? தோளில் கை போடப் புதிதாக நாற்பது பேர் வரும்போது, பழைய வாத்தியார் சொல் காதில் விழுமா? இதற்கு நெஞ்சைத் தொட்டு "ஆமாம்" என்று சொல்ல முடிந்தால் உனக்கு எந்தத் தேதியும் சீக்கிரம் இல்லை. ஏறு!

உன் ஊர்ப் பாடு முறை உனக்குத் தெரியாததா? கோட்டைக்குப்பத்திலும் நடுவூர் மாதாகுப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் ஏரியில் இறால் படுகிற நல்ல இடங்களை முறை வைத்துத்தானே பகிர்ந்துகொள்கிறார்கள்? உங்கள் முறை வந்த அன்றைக்கு அப்பா என்றைக்காவது "வலை இன்னும் பொத்தலாக இருக்கிறது, அடுத்த முறை பார்ப்போம்" என்று வீட்டில் உட்கார்ந்தாரா? முறை வருவதற்கு முந்தின நாளே நூலும் ஊசியுமாக உட்கார்ந்து வலையைப் பொத்தி முடித்திருப்பார். பட்டத்து ஆட்டமும் அப்படித்தான் வரும். உன் வலை எப்படி இருக்கிறது என்று அது விசாரிக்காது.

நான் சொன்ன இருவரும் ஹெவிவெயிட். ஹெவிவெயிட் என்றால் இன்றைய தொழில்முறைக் கணக்கில் 200 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 91 கிலோ. எனக்கு ஏது அந்த உடம்பு என்கிறாயா? உன் எடை எதுவோ அந்த எடையின் பட்டத்தைக் கேள். கழுத்து மட்டும் கெட்டியாக இருக்கட்டும். தாடையில் விழும் குத்தின் அதிர்ச்சியைக் குறைப்பதில் கழுத்துக்குப் பங்கு உண்டு. ஏரிக்குள் இறங்கிப் பார். இருளர் பெண்கள் ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் எடுக்கிறார்கள். பிடிக்கப் பிடிக்கப் பறி கனக்கிறது, தலை தாழ்வதில்லை. எந்த ஜிம்மில் கிடைக்கும் அந்தக் கழுத்து?

நம் நாட்டு ஹெவிவெயிட் ஒருவரையும் சொல்கிறேன். பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கௌர் சிங். 1979-ல்தான் தேசிய சாம்பியன் ஆனார். 1980 ஜனவரி 27 அன்று டெல்லியில் முகமது அலிக்கு எதிரே காட்சிப் போட்டியில் நின்று நாலு ரவுண்டு ஆடினார். (அதே பயணத்தில் அலி சென்னை நேரு ஸ்டேடியத்திலும் ஜிம்மி எல்லிஸ் என்ற குத்துச்சண்டை வீரரோடு ஆடிக் காட்டினார், வடசென்னைப் பெரியவர்களிடம் கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார்கள்.) அலியின் குத்து எப்படியிருக்கும் என்று உடம்பால் தெரிந்துகொண்ட கௌர் சிங், 1982 டெல்லி ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கத்தை அள்ளினார்.

ஏறக்கூடாத நேரமும் உண்டு, மறைக்கமாட்டேன். புருவத்துத் தையல் ஆறாதபோது ஏறாதே. மூன்று நாளில் ஆறு கிலோ குறைக்கச் சொன்னால் ஏறாதே. இன்னொருவனை உயர்த்திக் காட்ட ஒரு பலியாடு வேண்டுமென்று ப்ரமோட்டர் உன்னைத் தேடி வந்தால், ஆட்டத்தைவிட அதிக நேரம் அவர் நீட்டும் ஒப்பந்தத்தைப் படி. ஆட்டம் முடிந்த மறுநாள் யார் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று கேள். வாத்தியார் உன் கண்ணைப் பார்த்து "கால் இன்னும் சேரலடா" என்றால் அது பயம் இல்லை, கேட்டுக்கொள்.

ஆனால் வெறும் எண்ணிக்கையைக் காட்டி உன்னை உட்கார வைக்க வந்தால் உட்காராதே! உக்ரைனின் லொமச்சென்கோ இரண்டாவது தொழில்முறை ஆட்டத்திலேயே உலகப் பட்டம் கேட்டார், 2014 மார்ச்சில். ஏறக்குறைய நானூறு அமெச்சூர் ஆட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றன. எதிராளி சலிடோ எடை வரம்புக்குள்ளேயே வரவில்லை, ஆனாலும் லொமச்சென்கோ ஆடினார், தோற்றார். அதே வருஷம் ஜூனில், மூன்றாவது ஆட்டத்தில், பட்டம் அவர் இடுப்பில். மார்ச்சில் மறுத்திருந்தால் ஜூன் வந்திருக்குமா? போ தம்பி, வாத்தியார் இந்நேரம் எழுந்திருப்பார். தேதியை ஒப்புக்கொள்ளச் சொல்.