மிம்பரில் போட்ட கணக்கு



ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் கூபா நகரில் மிம்பரில் நின்று குத்பா ஓதிக் கொண்டிருக்கையில் ஒருவர் எழுந்து ஒரு மஸ்அலா கேட்டார். மனைவி, தாய், தந்தை, இரு பெண்மக்கள் ஆகியோரை விட்டு ஒருவர் மவுத்தாகி விட்டார். மனைவியின் பங்கு எவ்வளவு? அவளுடைய எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகி விட்டது என்று பதிலளித்துவிட்டு அவர்கள் குத்பாவைத் தொடர்ந்தார்கள் என பராயிள் நூல்கள் கூறுகின்றன. மின்பரிய்யா என்றே இதற்குப் பெயர்.

எட்டு எப்படி ஒன்பதாகும்? சூரத்துன் னிஸாவின் 11, 12ஆம் வசனங்களின்படி மனைவிக்கு 8ல் 1, தாய்க்கும் தந்தைக்கும் தலா 6ல் 1, இரு பெண்மக்களுக்குமாக 3ல் 2. இம்மூன்று எண்களாலும் மீதியின்றி வகுபடுவது 24. அதில் மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, மக்களுக்கு 16. கூட்டிப் பாருங்கள், 27 வருகிறது! யாரைத் தள்ளுவது? ஒருவரையும் தள்ளவில்லை. சொத்தையே 27 பங்காக்கினார்கள். குறைவு அவரவர் பங்கின் அளவுக்கேற்ப எல்லோர் மீதும் விழுந்தது. 27ல் 3 என்பது 9ல் 1. ‘அவ்ல்’ எனும் இம்முறை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்திலேயே ஸஹாபாக்களுடன் கலந்தாலோசித்து ஏற்கப்பட்டதாகும்.

பிற்காலத்தில், கி.பி. 820 வாக்கில், கலீபா மஃமூன் ஆட்சியில் பக்தாதில் குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரிலுள்ள ‘அல்ஜப்ரு’ என்ற சொல்லே பள்ளிப் பிள்ளைகள் அலுத்துக் கொள்ளும் அல்ஜீப்ராவாயிற்று. அந்நூலில் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே என்பதை அப்பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

நம் வீடுகளிலோ, வாப்பா மவுத்தாகிப் பத்து வருடமானாலும், “கணக்கு சிக்கலானது, பிறகு பார்ப்போம்” என்கிறோம். பெண்மக்கள் கேட்டால், “கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே” என்கிறோம். உயிரோடிருக்கையில் தந்தை கொடுத்த நகை வேறு, அல்லாஹ் விதித்த பங்கு வேறு.

மேற்சொன்ன மஸ்அலாவையே எடுத்துக் கொள்வோம். முதலில் கபன் செலவு, பிறகு கடன். கொடுபடாத மஹரும் கடன்தான். பிறகு மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத். இவை போக ரூ. 2,70,000 மீதமானால் மனைவிக்கு 30,000, தாய்க்கு 40,000, தந்தைக்கு 40,000, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 80,000. கடைச் சாவியைக் கையில் வைத்திருக்கும் இறந்தவரின் தம்பிக்கு, தந்தை உயிருடனிருப்பதால், ஒன்றுமில்லை.