தாட்சணியம் பாவமா?



"அவர் நம்ம ஆள்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் ஆகிவிடும்." வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூர் ஏரிக்கரையிலும் இந்தப் பேச்சைக் கேளாமல் ஒரு வாரம் கழிவதில்லை. சொல்லுகிறவன் கெட்டவன் அல்லன். கேட்டுக் கொள்ளுகிறவனும் கெட்டவன் அல்லன். இருவருமே ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்களாய் இருக்கலாம். லஞ்சம் என்று சொல்லிப் பாருங்கள், இருவரும் முகம் சுளிப்பார்கள். சிபாரிசு என்று சொல்லிப் பாருங்கள், "இதில் என்ன தப்பு?" என்பார்கள். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து விசாரிக்க விரும்புகிறேன். மேடையில் ஏறி நின்று கொண்டு அல்ல. இதை எழுதுகிறவனுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைப் பிற்பாடு சொல்லுகிறேன்.

தாட்சணியம் என்பது நம் வீடுகளில் நல்ல சொல். "தாட்சணியம் இல்லாதவன்" என்றால் அது வசை. ஆனால் வேதாகமத்தின் பழைய தமிழில் முகத்தாட்சணியம் என்பது குற்றத்தின் பெயர். நியாயாதிபதி அதைச் செய்யலாகாது. சர்வேசுரனிடத்தில் அது இல்லவே இல்லை. ஒரே சொல் வீட்டில் புண்ணியமாகவும் நியாய ஸ்தலத்தில் பாவமாகவும் இருப்பது எப்படி?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதை எடுத்துப் பேசியிருக்கிறார். ஒருவருக்கு ஆசிரியர் பதவி கொடுக்கிறீர்கள். அவருக்குப் போதிய கல்வி இருக்கிறது என்பதற்காகக் கொடுத்தால், நீங்கள் பார்த்தது தகுதியை. அவர் இராயப்பர் என்பதற்காக, அல்லது மார்த்தீன் என்பதற்காகக் கொடுத்தால், நீங்கள் பார்த்தது முகத்தை. அதுதான் குற்றம். ஆனால் உம்முடைய சொந்தப் பணத்தில் தானம் செய்யும்போது, உமக்கு இஷ்டமானவருக்குக் கொடுத்தால் அதில் அநியாயம் இல்லை என்றும் அவரே சொல்லுகிறார். ஆகவே முடிச்சு அன்பில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. தன் பெட்டியைத் திறந்து அள்ளிக் கொடுக்கிறவன் தயாளன். ஊர்ப் பெட்டியைத் திறந்து தன் ஆளுக்கு மட்டும் கொடுக்கிறவன், எவ்வளவு புன்னகையோடு கொடுத்தாலும், மற்றவன் பங்கை எடுத்துக் கொடுக்கிறான். நாமோ இருவரையும் ஒரே வார்த்தையால் "நல்ல மனுஷன்" என்று புகழ்ந்துவிடுகிறோம்.

நம் பிரதேசத்தில் இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1880-ஆம் ஆண்டு மார்ச் 12-ந் தேதிய பிரெஞ்சு ஆணையால் புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று நான்கு கொம்யூன்கள் ஏற்பட்டன. (பிறகு 1907-ல் இவை பிரிக்கப்பட்டு எட்டாயின.) மேர், மேரி, கோன்செய் என்ற வார்த்தைகள் அப்போதுதான் நம் பாட்டன்மார் வாயில் புகுந்தன. காகிதத்தில் அது பெரிய சுதந்திரம். பக்கத்துப் பிரிட்டிஷ் சீமையில் சாமானியனுக்கு வோட்டு என்பதே இல்லாத நாளில், நம் குடியானவன் பாரீஸ் சபைக்கே ஆள் அனுப்புகிறவனாய் இருந்தான். ஆனால் வோட்டு அவன் கையில் இருந்ததா? சண்முக வேலாயுத முதலியார் போன்ற கட்சித் தலைவர்களின் பிடியில்தான் நெடுங்காலம் தேர்தல்கள் கிடந்தன. தெப்புத்தேயாகப் போனவர்களில் பலர் பிரான்ஸ் தேசத்து மனிதர்கள். இந்த மண்ணின் குளங்குட்டையை அறியாதவர்கள். 1914-ஆம் ஆண்டுத் தேர்தலில் பால் ரிஷார் என்பவர் நின்றார்; எதிராளி பால் புளுய்சேன். அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் அதைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். ரிஷார் பெயர் அச்சிட்ட சீட்டுகளைப் பல இடங்களில் புளுய்சேன் என்றே வாசித்து எண்ணிவிட்டார்களாம்! இருவருக்கும் முதற்பெயர் ஒன்றாயிருந்தது சௌகரியமாய்ப் போயிற்று போலும்.

இருந்தாலும், அதே கொம்யூன்கள் ஒருநாள் பெரிய காரியமும் செய்தன. 1954 அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூருக்கு மேற்கே கீழூர்க் கொட்டகையில், பிரதிநிதித்துவ சபையாரும் கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி, 170-க்கு 8 என்ற கணக்கில் இந்தியாவோடு சேருவதென்று தீர்மானித்தார்கள். வயலும் வாய்க்காலும் அறிந்த ஊர்ப் பிரதிநிதிகள் ஒரு தேசத்தின் எல்லையையே மாற்றினார்கள். அப்பேர்ப்பட்ட ஊர்களுக்குப் பிறகு நேர்ந்தது என்ன? 1968-ல் உள்ளூர்த் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். இடையில் 38 வருஷம்! ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தவேண்டும் என்ற அரசியல் சாசனத்தின் 73-ஆம் திருத்தம் 1993-லேயே அமலுக்கு வந்திருந்தும், நீதிமன்றம் தலையிட்ட பிறகே அந்தத் தேர்தல் வந்தது. 2011-ல் அந்தப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. 2021-ல் தேதி குறித்தார்கள். இடஒதுக்கீடு பற்றிய வழக்கில் அது நின்று போயிற்று. மேர் இருந்த நாற்காலியில் கொமிஷனர் என்ற உத்தியோகஸ்தர்.

இதற்கும் தாட்சணியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிரம்பச் சம்பந்தம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக் கொண்டது, வீடு கட்ட அனுமதி வேண்டும். கேட்கப் போவதற்குத் தெருவில் ஒரு மெம்பர் இல்லை. ஆகையால் எல்லாக் கால்களும் ஒரே வாசலுக்கு நடக்கின்றன: எம்.எல்.ஏ. வீட்டு வாசல். 2021-ல் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் வாக்காளர் ஏறத்தாழ 6 கோடியே 28 லட்சம். ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். புதுச்சேரியின் 30 தொகுதிகளில் எல்லாம் சேர்ந்து சுமார் 10 லட்சம். ஒரு தொகுதிக்கு 33 ஆயிரம் சில்லறை. இத்தனை சிறிய இடத்தில் எந்த வீடு யாருக்கு வோட்டுப் போட்டது என்பது ஊகிக்கக் கூடாத இரகசியமல்ல. கலியாணத்துக்கு வந்தவர், சாவுக்கு வந்தவர், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை நீட்டியவர் என்று நன்றிக் கடன் மேல் நன்றிக் கடன் ஏறுகிறது. அவரில் மெய்யாகவே நல்லவர்களும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் நல்லவர் கையால் வந்தாலும், உரிமையாய் வரவேண்டியது தயவாய் வந்தால், வாங்குகிறவனின் முதுகு வளைந்துதான் போகிறது.

ஒரு தெருவில் இரண்டு விதவைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வறுமை. ஒருத்தியின் மகன் கொடி பிடித்தவன். அவளுக்கு உதவித்தொகைப் பட்டியலில் பெயர் ஏறிற்று. மற்றவளுக்கு "அடுத்த லிஸ்டில் பார்ப்போம்." கொடியினால்தான் ஏறிற்றா, மனு முந்தி வந்ததனால் ஏறிற்றா, யாரறிவார்? ஆனால் தெரு முழுவதும் கொடியினால்தான் என்று நம்புகிறது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் மனு எழுதுகிறவன் குறைந்து, கொடி பிடிக்கிறவன் பெருகுகிறான்.

வேலை விஷயம் இதைவிட மோசம். நம் பிரதேசத்தின் பாசிக், பாப்ஸ்கோ முதலிய அரசு நிறுவனங்களின் தொழிலாளர் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் சம்பள பாக்கிக்காகத் தெருவில் உட்கார்ந்த காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேவைக்கு மேல் ஆள் சேர்த்ததும் அந்த நிறுவனங்கள் நொடித்ததற்கு ஒரு காரணம். "வேலை போட்டுக் கொடுத்தார்" என்று அன்று மாலை போட்டோம். ஒரு நிறுவனம் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று அன்று யாராவது கேட்டோமா?

இங்கே ஒருவர் எழுந்து, "ஐயா, ஏழை என்ன செய்வான்? நான் போகாவிட்டால் அடுத்தவன் போவான். என் பிள்ளை பட்டினி கிடப்பதா?" என்கிறார். இது பலமான கேள்வி. பழைய சாஸ்திரிகளும் இதைத் தட்டிக் கழிக்கவில்லை. தனக்கு நியாயமாய்ச் சேரவேண்டியதை ஒருவன் அநியாயமாய்த் தடுத்து வைத்திருக்க, அந்தத் தொல்லையிலிருந்து விடுபடுவதற்காகக் கொடுக்கிறவன் வேறு. தனக்குச் சேராததை வாங்குவதற்காகக் கொடுக்கிறவன் வேறு என்று பிரித்தார்கள். முன்னவனிடத்தில் பாவம் வாங்கினவன் தலையில் விழுகிறது. பின்னவனிடத்தில் இருவரும் கூட்டாளிகள். பட்டா நகலுக்காகப் பத்து நாள் அலைக்கழிக்கப்பட்டு, கடைசியில் கை நனைத்த பாகூர்க் குடியானவனை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். அவன் கொடுத்தது தப்பல்ல என்று பிரசங்கம் செய்யவும் மாட்டேன். அவனுக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் அன்றே விலை நிர்ணயமாகிவிட்டது. ஆனாலும் அவனை ஒரு தட்டிலும், மற்றவன் வேலையைத் தன் மகனுக்கு வாங்குகிறவனை வேறு தட்டிலும் வைக்கத்தான் வேண்டும்.

கொடுக்கிற பக்கத்துக்கு ஒரு திருஷ்டாந்தம். இங்கிலாந்தில் 1529 முதல் 1532 வரை பிரதான நீதிமந்திரியாயிருந்தவர் அர்ச். தோமாஸ் மோர். தமக்கு நியாயத் தீர்ப்புக் கிடைத்த ஒரு விதவை, புது வருஷத்தில் அவருக்கு ஒரு ஜோடிக் கையுறையும் அதற்குள் 40 பவுன் பெறுமான பொற்காசும் கொண்டு வந்தாளாம். ஒரு ஸ்திரீயின் புது வருஷ வெகுமதியைத் தள்ளுவது மரியாதையல்ல என்று கையுறையை எடுத்துக் கொண்டு, காசைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கேட்டது நியாயம், தீர்ப்பும் முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் அந்தக் காசை அவர் தொடவில்லை. தாட்சணியத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதற்கு அந்தக் கையுறை போதும். 1535-ல் அவர் தலை வெட்டுண்டது. 2000-ஆம் ஆண்டில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பு அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக ஏற்படுத்தினார். நம் பக்கத்து அரசியல்வாதிகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்களோ!

இனி என் கணக்கு. பல வருஷங்களுக்கு முன் என் அக்காள் மகனுக்கு ஒரு காரியாலயத்தில் வேலை காலியென்று கேள்விப்பட்டு, செல்வாக்குள்ள ஒருவரிடம் போய் ஒரு கடிதம் வாங்கினேன். பணம் ஏதும் கைமாறவில்லை. அதனாலேயே என் மனச்சாட்சி நிம்மதியாய்த் தூங்கிற்று. நேர்முகத் தேர்வு நாளன்று துணைக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெஞ்சியில் மஞ்சள் பையோடு ஒரு தாயும் மகனும். பேச்சுவாக்கில் பையனின் மார்க்கைச் சொன்னாள். எங்கள் பையனைவிட நிரம்ப அதிகம். "உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களாண்ணே?" என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

வேலை எங்களுக்கு வந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும் என்றே அநேக வருஷம் எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் நான் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை; தாட்சணியம்தான் கேட்டேன். பிற்பாடு சொன்னபோது, குருவானவர் ஈடு செய்வதைப் பற்றிக் கேட்டார். யாருக்கு ஈடு செய்வது? அந்தப் பையனின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எடுத்ததற்கு உடையவன் யாரென்று தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது பழைய விதி; அவ்விதமே ஒரு சிறு தொகை மாதாமாதம் ஒரு மாணவனின் படிப்புக்குப் போகிறது. கணக்கு அதனால் நேராகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தேதியில் என் அக்காள் மகன் சம்பளம் வந்ததென்று போனில் சொல்லும்போதெல்லாம், அந்த அம்மாள் பையிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடியும் மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்ததுதான் கண்ணில் வருகிறது.